கால் திருப்பு

துப்பாக்கி இல்லாத துப்பாக்கிக்கண்.
பர்மா பஜாரில் நத்தர் பாய் எண்ணூறுக்குக் கொடுத்தார்.
"வேட்டைக்காரன் சாமான்மா.
பைனாகுலர்னா ரெண்டாயிரம் ஆவும்."
எனக்கு ஒரு கண் போதும்,
கப்பல் பேரைப் படிக்க.

கப்பலுக்குக் காய்கறி ஏற்றும் கம்பெனியில்
கணக்கு எழுதுகிறேன்.
வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருப்பவற்றில்
எது மூக்கைத் துறைமுகம் பக்கம் திருப்புகிறது என்று
காலடிப்பேட்டை மூன்றாம் மாடியிலிருந்து
மற்ற கம்பெனிக்காரனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் பார்த்தால்
நாற்பது மூட்டை வெங்காயம், முட்டை,
ஐஸ் பெட்டியில் கோழி, எல்லாம் எங்களுடையது.

முதல் நாள் சாயங்காலம் பார்த்தேன்.
கடல்மேல் ஒரு கூட்டல் குறி,
தண்ணீர் பட்ட மைபோல் ஊறிக் கிடந்தது.
கப்பலும் அப்படித்தான்.

மாசிலாமணி மணலியில் வெல்டர். அவர்தான் சொன்னார்:
"கண்ண ஒட்டி வெக்காத, நாலு விரல் தள்ளி.
கப்பலப் பாக்காத. வெறும் வானத்தப் பாரு.
பின்னாடி வளையத்தத் திருப்பு.
ஒரு செகண்ட் பாத்துட்டு எடுத்துடு.
முறைச்சிக்கினே இருந்தா
கண்ணு தானே சரிகட்டிக்கும்.
எல்லாம் நல்லாருக்குன்னு புளுகும்."

வெறும் வானத்துக்கு எங்கே போக.
வடக்கே புகைபோக்கி, மேற்கே எரியும் தீ.
கிழக்கில் ஒரு துண்டு கிடைத்தது.
பார், எடு, திருப்பு.
பார், எடு,
கொஞ்சம் அதிகம், பின்னால் வா.
சட்டென்று கூட்டல் குறி
புது பிளேடு மாதிரி நின்றது.
அதற்குப் பிறகுதான் கடலுக்கு இறங்கினேன்.
துருப்பிடித்த பின்புறத்தில்
உரிந்த வெள்ளை எழுத்து: ஹெலனா டவ்.
கம்பெனிக்கு போன் போட்டேன்.

மறுநாள் காலை ஹெலனா டவ் மறுபடி சேறு.
ராத்திரி அவர் பார்த்திருக்கிறார்.
வெல்டிங் பொறி பட்ட வலது கண்ணுக்கு
வளையம் வேறு இடத்தில் நிற்க வேண்டும்.
"என் கண்ணு இது" என்றேன்.
"என் கண்ணும்தான்" என்றார்.
மூன்று நாள் பேச்சில்லை. சோறு மட்டும் போட்டேன்.
நாலாம் நாள் நான் என் இடத்தில்
சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்தேன்.
அவர் தன் இடத்தில் அரத்தால் ஒரு கீறல்.
இரண்டுக்கும் நடுவே கால் திருப்பு.
பதினோரு வருஷக் கல்யாணத்தில்
எங்களுக்குள் எவ்வளவு தூரம் என்று
அளந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒன்று மட்டும் பழகவில்லை.
எதைப் பார்த்தாலும் நடுவில் அந்தக் குறி.
காசிமேட்டுக்குத் திரும்பும் விசைப்படகு மேல்,
தண்ணீர் டேங்க்கில் உட்கார்ந்த காக்கா மேல்,
எதிர்மாடியில் பாடம் படித்தபடி நடக்கும் பையனின் கழுத்தில்.
நான் பேர் கேட்கத்தான் வந்தேன், சாமி,
என்று ஒவ்வொரு தடவையும் உள்ளே சொல்லிக்கொள்வேன்.

பையனின் அம்மாவுக்கு அது கேட்கவில்லை.
துப்பாக்கி வைத்துக் குறி பார்க்கிறாள் என்று
ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள்.

ஏட்டு ஏழுமலை மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கினார்.
குழலின் முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார்.
"துப்பாக்கி எங்கம்மா?"
"இல்ல சார். வெங்காயத்துக்கு."
கண்ணை வைத்தார். யாரும் சொல்லித் தராமலே
கை வளையத்துக்குப் போனது.
சிவப்பைத் தாண்டி, கீறலைத் தாண்டித் திருப்பினார்.
"அட. அங்க ஒருத்தன் பல்லு தேய்க்கிறாம்மா
கப்பல் மேல நின்னுக்கினு!"
இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"துப்புறான்" என்றார்.
நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு
ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு இறங்கினார்.

வளையத்தை உடனே தொடவில்லை நான்.
ஏழுமலையின் கண்ணால் பார்த்தேன்.
கூட்டல் குறி கரைந்துபோய் இருந்தது.
எதிர்மாடியில் அவள் துணி காயப்போடுகிறாள் போல,
ஒரு மஞ்சள், ஒரு பச்சை, அசைகிறது.
கழுத்து எது, கை எது, தெரியவில்லை.

போன் அடித்தது.
"எது கெளம்புது? சீக்கிரம் சொல்லும்மா."
பொறுங்க சார் என்றேன்.
வானத்தைப் பார்த்து
நெயில் பாலிஷ் வரை திருப்பினேன்.

இடமிருந்து ரெண்டாவது, சார்.
முட்டையை வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள்.