எட்டாம் கட்டம்

ஒசாகாவிலிருந்து திரும்பி வந்த தாள்
மேசைமேல் கிடக்கிறது.
முத்திரை சரி. கையெழுத்து சரி.
எட்டாம் கட்டத்தில் மட்டும்
சிவப்பில் ஒரு கேள்விக்குறி.

உங்கள் இறால் எங்கே பிறந்தது
என்று கேட்கிறார்கள்.

நாகப்பட்டினம், பப்ளிக் ஆபீஸ் ரோடு, முதல் மாடி.
கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் முனகுகிறது.
எபனேசர் சார் சொன்னார்:
"இந்தியான்னு அடிச்சு அனுப்பும்மா,
பதினோரு வருஷமா அதைத்தானே அடிக்கிறோம்."

அடிக்கத்தான் உட்கார்ந்தேன்.
விரல் நின்றுவிட்டது.

தாய் இறால் ஹவாயிலிருந்து
தெர்மாகோல் பெட்டியில் விமானம் ஏறியது.
நீலாங்கரையில் சில நாள் தனிக்காவல்.
முட்டையிட்டது மரக்காணத்தில்.
இமைமயிர் கனத்தில் குஞ்சுகள்
காற்றடைத்த பாலிதீன் பைகளில்
ராத்திரி லாரியில் வேதாரண்யம் வந்தன.
தின்றது பெரு நாட்டு நெத்திலித் தூள்.
நீந்தியது பாதி கடலில்,
பாதி போர்வெல் தண்ணீரில்.
அந்த போர்வெல்லில் ஊறியது
எந்த வருஷத்துக் காவிரியோ.
அது குடகில் பிறந்தது என்பதை
எந்தக் கட்டத்தில் எழுத?

குட்டைக்காரர் வைரக்கண்ணுவுக்கு போன் போட்டேன்.
பின்னால் ஏரேட்டர் இரைந்தது.
"எங்கே பிறந்ததா?
என் பொண்டாட்டி நகையை வச்ச
பேங்க்ல பிறந்ததுன்னு எழுது தாயி."

ஒப்பந்தத்தைப் புரட்டினேன்.
பொடி எழுத்தில், நாற்பத்திரண்டாம் பக்கத்தில்
வழி இருந்தது:
குஞ்சு எந்நாட்டதாயினும்
வளர்ந்த நாடே அதன் நாடு.
இவ்வளவு பெரிய மனசு
காகிதத்துக்கு எப்படி வந்ததோ.
முழுவதும் இங்கே விளைந்தது என்று அடித்தேன்.
சார் காபி சொன்னார்.

அப்போதுதான் பெஞ்சில் இருந்தவரைப் பார்த்தேன்.
உத்திராபதி.
வைரக்கண்ணு குட்டைக்குத் தென்கரையில்
ஒன்றரை மா நிலம்.
சம்பா இந்த வருஷமும் சாவி.
கலெக்டருக்கு மூன்று மனு,
மூன்றுக்கும் ரசீது,
ஒன்றுக்கும் பதில் இல்லை.

செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்தார்.
வெள்ளை பூத்த மண்.

"எந்தச் சரக்கு எங்கேருந்து வந்துதுன்னு
நீங்க எழுதினா
சீமையிலயே ஒத்துக்கறாங்களாம்.
இந்த உப்புக்கும்
ஒண்ணு அடிச்சுக் குடு."

எபனேசர் சார் சிரிக்கவில்லை,
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
கூரியர்காரன் ஆறு மணிக்குக் கடையை மூடிவிடுவான்.

நான் புதுப் படிவம் ஒன்றைத் திறந்தேன்,
ஏனென்று தெரியாமல்.
உப்புக்கு எண் உண்டு:
இருபத்தைந்து, பூஜ்யம் ஒன்று.
பெறுநர்: உத்திராபதி, தகப்பனார் பெயர் மாசிலாமணி.
எடை தெரியாது. விட்டுவிட்டேன்.

அனுப்புநர் என்று
முதல் கட்டம் கேட்டது.