படிவது

வீட்டு மண் ஒரு கைப்பிடி கொண்டுவரச் சொன்னேன்
ஏழாம் வகுப்பு 'பி' பிரிவிடம்.
எட்டாவது மாடியில ஏது மிஸ் மண்ணு, என்றாள் ரெபேக்கா.
சுவரிலிருந்து உதிர்ந்த காரையைத்
தாளில் மடித்து எடுத்து வந்தாள்,
லிஃப்ட் ஓடாத படிகளில்.

தவக்குமார் கொண்டுவந்தது
அப்பா வேலை பார்க்கும் மெட்ரோ குழியின் சாம்பல் களி.
அதற்குள் நகம் அளவு ஒரு சிப்பி.
முபீனா சதுப்பின் ஓரத்துக் கறுப்புச் சேறு;
வகுப்பே மூக்கைப் பொத்தியது.
மூன்று பேர் பள்ளி வாசலிலேயே அள்ளினார்கள்.
தெரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

ஒரு லிட்டர் புட்டி, கால்வாசி மண்,
கழுத்து வரை தண்ணீர்,
ஒரு சிட்டிகை சோப்புத் தூள்.
குலுக்குங்கள் என்று இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.
வைத்துவிட்டுச் சும்மா பாருங்கள் என்பதற்குத்தான்
தொண்டை வற்றியது.

மணல் ஒரு நிமிடத்தில் இறங்கிவிட்டது.
வண்டலுக்கு மதிய மணி அடிக்க வேண்டியிருந்தது.
களி இறங்குவதாயில்லை.
பசங்க படிக்கிறாங்களா, என்று எட்டிப் பார்த்தார் தலைமையாசிரியர்.
படியுது மேடம், என்றது கடைசி பெஞ்ச்.

அன்றிரவு பெரும்பாக்கத்தில் பெய்தது
பாடப்புத்தகத்தில் இல்லாத மழை.
மறுநாள் விடுமுறை.
அதற்கடுத்த நாள் பூட்டைத் திறந்தால்
தண்ணீர் வந்து உட்கார்ந்து
எழுந்து போயிருந்தது.
ஜன்னல் மேடையில் புட்டிகள் மட்டும் பத்திரம்.

துடைப்பத்தோடு வந்த கன்னியம்மா அக்கா முன்னால்
ரெபேக்கா இரு கைகளையும் விரித்து நின்றாள்.
"பெருக்காதீங்கக்கா. அஞ்சு நிமிஷம்."

வாசற்படி ஓரம் கரகரவென்று மணல்.
மேசைக்கால் தாண்டினால்
விரலில் மாவாய் ஒட்டும் வண்டல்.
கரும்பலகைக்கு அடியில்,
தண்ணீர் கடைசியாக நின்ற மூலையில்,
பாலாடை போலக் களி
இப்போதுதான் வெடிக்கத் தொடங்கியிருந்தது.

"மிஸ், நாமதான் புட்டிக்குள்ள இருக்கோம்."

என் பாடக்குறிப்பில் இது இல்லை.
ஸ்கேலை எடுத்தார்கள்.
வாசலில் ஒன்பது மில்லிமீட்டர், நடுவில் நாலு,
மூலையில் அளக்க முடியவில்லை, நகத்தால் உரித்தார்கள்.
கன்னியம்மா அக்கா துடைப்பத்தைச் சாத்திவிட்டு
சுவரில் பெயிண்டுக்கு அடியில் தெரிந்த
ஒரு மங்கிய கோட்டில் கை வைத்தாள்.
அவள் இடுப்பு உயரம்.
"அந்த வருஷம் இதுவரைக்கும்."
அப்போது இவர்களில் பாதிப் பேர் பிறக்கவில்லை.

அப்ப இது எந்த வருஷம், என்று
சிப்பியை நீட்டினான் தவக்குமார்.
யாரிடமும் அவ்வளவு நீள ஸ்கேல் இல்லை.

மண்ணுக்குப் பாடத்திட்டத்தில் இரண்டு பீரியட்.
திங்கட்கிழமை பாறைகள்.
புட்டிகளை ஊற்றிக் கழுவிவிட்டோம்.
முபீனாவுடையது மட்டும்
ஆறாம் நாளும் கலங்கலாகவே நிற்கிறது.
எடுத்துடலாமா, என்று கேட்டேன்.

"கை வைக்காதீங்க மிஸ்.
ஆடிடும்."