முப்பத்தொரு துறை

ஆறு கிடையாது இந்த ஊருக்கு.
எங்கள் பல்கலைக்கழகத்தில் மட்டும்
துறைகள் முப்பத்தொன்று.
எதில் இறங்கினாலும் கணுக்கால் நனையாமல்
பட்டத்தோடு கரையேறிவிடலாம்.

எந்தத் துறையிலும் இறங்க மாட்டேன் என்கிற பிள்ளைகள்
வருஷத்துக்கு நாலு பேர், மிஞ்சினால் ஐந்து.
அவரவருக்கென்று ஒரு பாடத்திட்டம் தைத்துக் கொடுப்பது
என் வேலை.
மூன்றாம் மாடி, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து அறை.
அளவெடுக்க டேப் இல்லை. படிவம் உண்டு.

ஜெ. லிகிதா, கெங்கேரி, வயது பதினேழு.
நுழைவுத் தேர்வில் முதல் ஒன்பது கேள்விகளைத் தொடவில்லை.
பத்தாவதை மூன்று வழியில் போட்டு
மூன்றாவதன் ஓரத்தில்
‘இது அசிங்கமாக இருக்கிறது, ஆனால் சரி’
என்று எழுதியிருந்தாள்.

விண்ணப்பக் கட்டுரையில்
வீட்டுக்குப் பின்னால் ஓடும் விருஷபாவதி.
மழை நாளில் அதன் நுரை படியேறி வந்து
அப்பாவின் ஆட்டோ சீட்டில் உட்கார்ந்த கதை.
குழுவில் எல்லோரும் இரண்டு முறை படித்தார்கள்.
வேதியியல் குல்கர்னி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
“விடக்கூடாது இந்தப் பெண்ணை” என்றார்
சட்டத்துறைப் பொன்னம்மா.

பதினோரு ராத்திரி உட்கார்ந்தேன்.
முதல் பருவம் திரவ இயக்கவியல்,
ஏரி வெட்டியவர்களின் கல்வெட்டைப் படிக்கப் பழைய கன்னடம்.
அடுத்து நகராட்சிச் சட்டம், நுண்ணுயிரியல்.
மூன்றாம் வருஷம்
ராஜகாலுவே ஓரமாக நடப்பதற்கு மட்டும்
பன்னிரண்டு மதிப்பலகு.
(நடைக்கு மதிப்பெண் வாங்கப்
புள்ளியியல் சோமயாஜியிடம் நான் பட்ட பாடு தனிக் கதை.)
அத்தனை துறையையும் ஒரே தண்ணீரில் இறக்கிவிட்டோம் என்று
எனக்கே கொஞ்சம் கர்வம்.

அவள் வாசித்தாள், வரிவரியாய் விரல் வைத்து.
“ரொம்ப நல்லா இருக்கு மேடம்.
நீங்களே சேரலாம்.”

கன்னடத்தில் சொன்னாள்.
அதில் இன்னும் மரியாதையாக இருந்தது.

ஜெராக்ஸ் மெஷின் நாற்பது பக்கம் துப்பி முடிக்கும்வரை
இருவரும் பேசவில்லை.

“சாக்கடையைப் பற்றி எழுது, சீட் கிடைக்கும்னு
ட்யூஷன் அண்ணன் சொன்னான். எழுதினேன். பொய்யில்லை.
பதினேழு வருஷம் மூக்கால் படிச்சாச்சு.
இன்னும் நாலு வருஷம் அதையேவா?
எனக்கு முன்னால் வந்த இந்திராநகர்ப் பையன்
நட்சத்திரம் படிக்கப் போறானாம்.
அவன் வீட்டு செப்டிக் டேங்க் பற்றி
யாரும் அவனைக் கேட்கலையே.”

சரி, உனக்கு என்னதான் வேண்டும்?

“முடிச்சு.”

கொடியில் போடுகிற முடிச்சு இல்லை.
கணக்கில் வருவது. இரு முனையையும் ஒட்டிவிட்ட முடிச்சு.
“அவிழுமா, அவிழாதா? அவ்வளவுதான் கேள்வி.
எதைக் கட்டத்தான் இதுன்னு
அங்கே யாரும் கேட்க மாட்டாங்க.”

கதவுவரை போய்த் திரும்பி வந்தாள்.
“அப்புறம் கிரேக்கம். சும்மா.”

புதிய படிவம் திறந்தேன்.
பாதிக் கட்டங்கள் வெள்ளையாகவே நின்றன.
கிரேக்கத்துக்கு எங்களிடம் ஆளில்லை.
ரிச்மண்ட் டவுனில் ஒரு பாதிரியார் இருக்கிறாராம்,
செவ்வாய்க்கிழமை மட்டும், காபி வாங்கிக் கொடுத்தால்.

கடைசிக் கட்டம்:
‘இப்படிப்பால் சமூகத்துக்கு விளையும் நன்மை.’
நிரப்பாமல் விட்டால் திரை சிவக்கிறது.
இரண்டு முறை சிவந்தது.
அவள் திரையைப் பார்த்தாள், நான் அவளை.
ஒரு புள்ளி வைத்தேன்.
ஏற்றுக்கொண்டது.

வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது.
பொன்னம்மா கண்ணுக்கு அந்தப் புள்ளி தப்பாது.
என்ன சொல்வதென்று இன்னும் யோசிக்கவில்லை.

பழைய திட்டத்தைக் கிழிக்க மனம் வராமல்
இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறேன்.
பி.காம். படித்தவள் நான்.
அப்பா படிவத்தில் அப்படித்தான் எழுதியிருந்தார்.

சனிக்கிழமை மழை இல்லையென்றால்
பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு
கெங்கேரிவரை
நடந்து பார்க்கலாம்.