ஒரு மூச்சு பிந்தி

நெவில் ரோச் செத்து ஆறு வருடம் கழித்து
அவன் மகள் மெல்பர்னிலிருந்து அனுப்பிய பென் டிரைவ்
ஃபிரிட்ஜ் மேல் பத்து நாள் கிடந்தது.
கேட்கத் தோன்றவில்லை.
எழுபத்தொன்பதோடு அவன் கதை முடிந்தது என்று
ஊரில் முதலில் சொன்னவன் நான்.
சொன்ன கையோடு பாஸ் கிட்டாரை பிராட்வேயில் விற்று
ஐசிஎஃப் ஸ்டோர்ஸில் குமாஸ்தாவாய்ச் சேர்ந்தவன்.

நேற்று மாலை வியாசர்பாடி முழுக்கக் கரண்ட் இல்லை.
இன்வெர்ட்டரில் ஒரு விசிறி, ஒரு விளக்கு,
மருமகனின் குட்டி ஸ்பீக்கர்.

முதல் கோப்பு: ரயில்வே இன்ஸ்டிடியூட், பெரம்பூர்,
டிசம்பர் எண்பத்தெட்டு.
மைக்கை யாரோ சாப்பாட்டு மேஜைமேல் வைத்திருக்கிறார்கள்.
ஸ்பூன் விழுகிறது.
"சோடா என்னாச்சுப்பா" என்று ஒரு குரல்.
பிறகு அவன். மாலை வணக்கம் பெரம்பூர் என்கிறான்,
பெரம்பூரே திரண்டு வந்துவிட்டதுபோல.
கைதட்டலை எண்ணினால் நாற்பது பேர் தேறாது.
ஆட்களை அறிமுகப்படுத்துகிறான்:
டிரம்ஸ் ஆல்வின், பியானோ கதிரேசன்,
பாஸ் கிட்டார் லீவில் போயிருக்கிறது.
சிரிக்கிறார்கள்.
ஒன்பது வருட லீவு.

இளமையில் அவன் குரல்
ஸ்டாண்டு எடுக்காமலே பைக்கைக் கிளப்புகிற ஆள்.
எழுபத்திரண்டில் வந்த அந்த ஒரே இசைத்தட்டை
மூர் மார்க்கெட் தீயில் தப்பியது என்று கதைகட்டி
இன்றைக்கும் விலை ஏற்றுகிறார்கள்.
அதில் நானும் இருக்கிறேன்,
நாலு பேரும் யாருக்கோ பயந்து ஓடுகிற மாதிரி.

எண்பத்தெட்டில் அவனை யாரும் துரத்தவில்லை.
ஏ-யில் பாடியதை எஃப்புக்கு இறக்கியிருக்கிறான்.
சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு
டிரம்ஸ் போகட்டும் என்று நிற்கிறான்,
ரயில்வே கேட்டில் சைக்கிளைச் சாய்த்து
பீடி பற்றவைத்தவன்போல.
கடைசி நொடியில் ஏறுகிறான்.
ஏறும்போது பாட்டே ஒரு பக்கம் சாய்கிறது.

மூன்றாவது பாட்டின் நடுவில் மின்சார ரயில் போகிறது,
நிஜ ரயில், ஒலிப்பதிவுக்குள்ளேயே.
அதன் தடதடப்பு இவன் வேகத்துக்கு ஒத்துவரவில்லை.
சிரித்துவிட்டு இவன் ரயிலின் வேகத்துக்கு மாறுகிறான்.
ஆல்வின் தடுமாறி, கெட்ட வார்த்தை ஒன்று சொல்லி,
பின்னாலேயே வந்து சேர்கிறான்.
நான் இருந்திருந்தால்
பாட்டை நிறுத்தச் சொல்லியிருப்பேன்.

அடுத்தது ஸ்டுடியோ. தொண்ணூற்று நாலு, கோடம்பாக்கம்,
சினிமாக்காரர்கள் கிளம்பிய பிறகு
இரவு ஒரு மணிக்கு மேல் பாதி வாடகை.
ஏசியை அணைத்துவிட்டுப் பாடியிருக்கிறான்.
பழைய பாட்டு. இரண்டாம் சரணத்துக்கு முன்
பாஸ் மட்டும் தனியாகப் படியிறங்கும் நாலு பார்,
என் இடம்.
அங்கே ஒன்றுமில்லை.
வேறு ஆளைப் போடவில்லை, பியானோவால் அடைக்கவில்லை.
நாலு பாரும் டேப்பின் இரைச்சல்.

எழுந்துபோய் விசிறியை நிறுத்தினேன்.
எனக்காக விட்டுவைத்திருக்கிறான் என்று
மூக்குச் சிந்தும் அளவுக்கு அழுதேன்.
அறுபத்தெட்டு வயதில், இருட்டில், வசதியாக.

மறுபடி ஹெட்போனில் கேட்டேன்.
இரைச்சலுக்கு அடியில் மூச்சு.
இன்ஹேலர் ஒருமுறை அமுங்குகிறது.
இழுத்து, பிடித்து, விடாமல்
தொடையில் விரலால் தட்டி எண்ணுகிறான்.
இன்னொரு முறை அமுங்குகிறது.
அப்புறம் ஒரு மூச்சு பிந்தி
சரணத்தில் காலை வைக்கிறான்,
வேண்டுமென்றே பிந்தினான் என்று
யாரும் சத்தியம் செய்வார்கள்.

என் நாலு பாரில் ஒருவன்
உயிரைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறான்.
லீவு கொடுத்தது அவன்தானா, நானா,
இனிக் கேட்க ஆளில்லை.

கரண்ட் வந்தது. தெரு முழுக்க ஓ என்றது.
மகளுக்கு, கிடைத்தது என்று மட்டும் எழுதினேன்.
எஃப்பில் அந்தப் படி எனக்குத் தெரியாது.
தலையணை ஓரத்தில் விரலை வைத்துத் தேடுகிறேன்,
மூன்றாவது சுரத்தில் வழுக்குகிறது,
அவன் வருவதற்குள்
முடிக்க முடியவில்லை.