கொட்டைக் கணக்கு

ஒரு லோடுக்குப் பத்துப் பழம்.
குறுக்கே அறுக்க வேண்டும், நெடுக்கே அல்ல.
சுளைகள் சக்கரமாய்த் திறக்கும்.
கத்தி நுனியால் தேடுவேன்.
இல்லையென்றால் பூஜ்யம்.
இருந்தால் எத்தனை என்று எழுதுவேன்,
என்னைப் பார்க்காமலே விலையைக் குறைப்பார்கள்.

புரியானாவில் பதினொரு குளிர்காலமாய் இந்த வேலை.
கழுவினாலும் போகாத தோலெண்ணெய்
ரொட்டியில் ஏறும், தலையணையில் ஏறும்.

கடல்வரைக்கும் தெரிகிற கிளமென்டைன் தோப்பெல்லாம்
உண்மையில் ஒரே மரம்.
ஒரு கிளையை வெட்டி, அதன் கிளையை வெட்டி,
வேற்று வேரில் ஒட்டுக்கட்டி ஒட்டுக்கட்டி
அதையேதான் நட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள்.
தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத மரம்.
பக்கத்து மரமும் தானே என்பதால்
அதையும் ஏற்காது.
பூத்துக் கொட்டும், கரு இல்லாமலே காய்க்கும்.
பெட்டிமேல் ஒட்டுவோம்:
குழந்தைகளுக்கு ஏற்றது.

பிரச்சினை தேனீதான்.
சாலைக்கு அப்பால் எவனோ வேறு ரகம் நட்டால்
அதன் பொடியைக் காலில் சுமந்து வந்து
இங்கே உட்கார்ந்துவிடும்.
ஏப்ரலில் மரங்களுக்கு வலை போர்த்துவார்கள்;
ரயிலில் போகிறவர்கள் பனி என்று நினைப்பார்கள்.
மலையிலிருந்து பெட்டிகளோடு இறங்கிய பத்திஸ்தெவை
எலிசெயு வரப்பிலேயே மறித்தார்:
"உன் தேன் ஒரு ஜாடி. என் நஷ்டம் ஒரு லாரி."
பத்திஸ்தெ தொப்பியைக் கழற்றினார்.
"அதுங்ககிட்ட வரைபடம் இல்லையே" என்றார்.
மறுநாள் இரண்டு பெட்டிகள் கவிழ்ந்து கிடந்தன.
யார் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை.

டிசம்பரில் எலிசெயுவின் லோடு.
ஆறு பழம் சுத்தம்.
ஏழாவதில் ஒன்று, பால்பல் அளவு.
எட்டாவதில் இரண்டு.
ரெமெய் தராசுப் பக்கம் திரும்பியிருந்தாள்.
மூன்றையும் வாயில் போட்டுக்கொண்டு
பூஜ்யம் என்று எழுதினேன்.
அவர்மேல் இரக்கமா? இல்லை.
கவிழ்ந்த பெட்டிகளை நானும் பார்த்தவள்.
சங்கு ஊதும்வரை
கன்னத்தில் அடக்கியபடி
யாரோடும் பேசாமல் அறுத்துக்கொண்டிருந்தேன்.

பால்கனியில், தக்காளி டின்னில்,
மூன்றும் முளைத்தன.
ஒன்றுக்கு இலை ஒல்லி.
ஒன்று குட்டை, புதர் மாதிரி.
மூன்றாவதற்கு விரல்நீள முள்,
நான் நடந்த எந்தத் தோப்பிலும் காணாதது.
தாயைப் போல் எதுவும் இல்லை.
ஒன்றைப் போல் ஒன்றும் இல்லை.
எந்த மரம் தகப்பன் என்று
அந்தத் தேனீயைத்தான் கேட்க வேண்டும்.

ஐந்து வருஷம் ஆயிற்று, பூ இல்லை.
தேன் கொடுக்க வந்த பத்திஸ்தெ
ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தார்.
"புளிக்கும்" என்றார்.
கொஞ்சம் கழித்து, "பெரும்பாலும்."

குட்டைச்செடி போன கோடையில் காய்ந்துபோனது.
இந்த வருஷம் வலை இன்னும் நீளம்,
எங்கள் தெருமுனை வரைக்கும் வந்துவிட்டது.
முள்செடியைத் தூக்கி
மலை பார்த்த மூலைக்கு மாற்றினேன்.
மணிக்கட்டில் இரண்டு கீறல்.
நாளைக்குக் கையுறைக்குள்
சாறு பட்டால் எரியும்.