தொப்பிக்கு ஒரு பிளாஸ்டிக் பை

எண்ணூறு பொலிவியானோ.
விலையைச் சொல்லிவிட்டு வென்செஸ்லாவ்
தொப்பியை ஒரு கையால் கசக்கினான்.
விட்டதும் எழுந்து நின்றது அது,
திட்டு வாங்கிப் பழகியவள் போல.
"இது முயல் மயிர்," என்றான். "அது வெறும் கம்பளி."
"அது" என்றபோது என் தலையைப் பார்த்தான்.

என் தலையில் இருந்தது நூற்றிருபது.
மூன்று மழைக்காலம் கண்டது.
மழைக்கு ஒரு விரல் அகலம் சுருங்கி
இப்போது இரண்டு ஊசி குத்தாமல் நிற்பதில்லை.

எல் ஆல்ட்டோவில் நடைபாதையில் நான்
கைப்பேசிக்குக் கண்ணாடி ஒட்டுகிறேன்.
கண்ணாடிக்கு ஐந்து மிஞ்சும்.
ஒரு தொப்பி என்றால்
நூற்றறுபது பேர் கைநழுவ விட வேண்டும்.
விட்டார்கள். வாங்கினேன்.

நான்காம் நாள் ஆலங்கட்டி மழை.
முதல் கல் விழுவதற்குள்
மடியிலிருந்து பிளாஸ்டிக் பையை உருவித்
தொப்பிக்கு மாட்டினேன்.
தெரு முழுக்கப் பெண்கள், எல்லார் தலையிலும் பை,
பொட்டலம் கட்டி வைத்த தலைகள்.
தொப்பி நனையவில்லை.
எழுபது பொலிவியானோ செருப்பு மட்டும்
அடிவழியே குடித்துக்கொண்டே இருந்தது.
ஆள் பாதி, ஆடை பாதி என்றால்
அன்று நனைந்தது எந்தப் பாதி?

இரவு மகனின் நோட்டில் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
தொப்பி: வருடம் அறுபது நாள், பத்து வருடம்.
நாளுக்கு ஒன்றேகால், ஒன்றரை.
செருப்பு: மூன்று மாதம், தினமும்.
நாளுக்கு ஒன்றுகூட இல்லை.
செருப்புதான் மலிவு என்றது நோட்டு.
மூன்று நாள் படுத்துக்கிடந்தேனே,
அந்த இருமலை எந்த வரியில் எழுதுவது?

வியாழன் சந்தையில் பழைய துணிக் குவியலுக்குப் பக்கம்
எந்த நாட்டு மலையேறியோ கழற்றிப்போட்ட பூட்ஸ்.
ஆண்பிள்ளை பூட்ஸ். சாணிப்பச்சை.
உள்ளே கைவிட்டுத் தையலைத் தடவினேன்,
அடியை வளைத்தேன். வளைய மறுத்தது.
முந்நூறு. பேரம் பேசினேன், இருநூற்று எண்பது.
பாவாடைக்குக் கீழே யார் பார்க்கப்போகிறார்கள்?
கால் பார்த்தது. அன்று முழுக்க
கால் இருப்பதையே மறந்திருந்தேன்.

புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன்.
தொப்பியை நாத்தனார் கஸிமிராவுக்கு
அறுநூறுக்குப் பேசி முடித்தேன்.
வெள்ளிக்கிழமை பணம் தருவதாகச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை நகராட்சியில் கடை உரிமம் புதுப்பிக்க வேண்டும்.
கடைசியாக ஒருமுறை என்று அதைப் போட்டுக்கொண்டு போனேன்.
ஐந்து வருடமாக என்னை "ஏ, பிள்ளே" என்று கூப்பிட்டவன்
நிமிர்ந்து பார்த்து,
"உட்காருங்கள், சின்யோரா" என்றான்.
மூன்று நடை நடக்கும் காகிதம்
நாற்பது நிமிடத்தில் கைக்கு வந்தது.
அவனை அறையலாம் போலிருந்தது.
உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை கஸிமிரா வந்தாள்.
டீ கொடுத்து அனுப்பினேன்.
இன்னும் பேசுவதில்லை.

இப்போது எனக்கு உச்சியும் அடியும் சரி.
நடுவே இருக்கும் பாவாடை
நான்கு இடத்தில் ஒட்டுப்போட்டது, அது போதும்.
மழை வந்தால் இன்னமும் பை மாட்டுகிறேன்,
சிரித்துக்கொண்டே.

ஆனால் போன வாரம் ஒரு கடையில்
விக்குன்யா ரோமச் சால்வை, நாலாயிரம்.
தொட்டேன். கையில் எதுவுமே இல்லாதது போலிருந்தது.
எதுவுமே இல்லாததற்கா நாலாயிரம் என்று
பூட்ஸ் தரையில் இடிக்க வெளியே வந்துவிட்டேன்.

கண்ணாடி ஒட்டும்போது
குமிழி வராமல் விரலால் நீவ வேண்டும்.
நேற்றிலிருந்து குமிழி வருகிறது.
விரலுக்கு வேறு ஏதோ ஞாபகம்.