பொதியின் அடியில்

ரெகுலா எம்மெனெகரின் வேலைக்கூடம்
பாசல் நகரத்து டிரைஸ்பிட்ஸில்
பழைய கிடங்கொன்றின் மூன்றாம் மாடி.
லிஃப்ட் பழுதான நாளாய்ப் பார்த்துத்தான்
பெரிய படங்களை விற்பாள் என்று
எங்கள் கம்பெனியில் ஒரு பகிடி.

நான் படம் பொதிகிறவன்.
நுரைத்தாள், மூலைக்கட்டை, திருகாணி,
கடைசியில் பெட்டியின் மேல்
ஒரு கிண்ணம், ஒரு குடை.
உடையும், நனையும் என்பதை
அந்த இரண்டு சின்னங்களும்
எந்தத் துறைமுகத்திலும் சொல்லிவிடும்.

அவள் சுவரெல்லாம் போய்வந்த ஊர்கள்.
வஹாக்காவில் வாங்கிய பூச்சிச் சிவப்பு,
மாலியின் சேற்றுத்துணியில் கண்ட கருங்கோடு,
கியோட்டோவில் யாரோ ஒருவர்
காசு வேண்டாமென்று கொடுத்த கடுதாசி.
"உலகமே எனக்குள் குடியிருக்கிறது"
என்பாள் பத்திரிகைக்காரரிடம்.
வாடகை யார் யாருக்குக் கொடுப்பது என்று
எனக்கொரு கேள்வி வரும்.
அதையும் நுரைத்தாளில் சுற்றி
ஓரமாய் வைத்துவிடுவேன்.

மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை.
லியோனுக்குப் போகிற படம்.
இரண்டரை மீட்டர் நீலம்,
நடுவே மேலிருந்து கீழாகப்
பொன்னில் இறங்கும் எழுத்து.
தலைப்புச் சீட்டில்:
பிரார்த்தனை, எண் ஏழு.

மூலைக்கட்டை செருகக் கிட்டப் போனேன்.
காவன்னாவின் காலை
ஆறு மாதிரி நீட்டியிருந்தாள்.
தியின் மேல்விலங்கு
பாதி பறவையாகிவிட்டிருந்தது.
இருந்தும் என்ன,
படித்த எழுத்தைப் படிக்காமல் விடக்
கண்ணுக்குத் தெரியாது.

காலாவதித் திகதி
பொதியின் அடியில் பார்க்கவும்.

மிளகாய்த்தூள்.
கிளாராஸ்ட்ராஸக் கடையில்
ஐந்நூறு கிராம் பைக்கற்.
என் குசினியிலும் அதேதான்.

சிரிப்பு வந்தது.
பாதியிலேயே நின்றும் போனது.
ஆணிப்பெட்டியை மூடினேன், திறந்தேன்.
அவள் கோப்பியோடு வந்து
"வடிவாயிருக்கு, என்ன?" என்றாள்
அவர்கள் ஊர் ஜெர்மனில்.
ஆறு வருஷம் இங்கே வந்துபோகிறேன்.
இதுவரை அவள் என்னிடம் கேட்டதெல்லாம்
பெட்டி எத்தனை கிலோ என்பதைத்தான்.

வாசித்தேன்.
தமிழில், நிறுத்தி நிறுத்தி.
கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.
இன்னொருமுறை என்றாள்.
இன்னொருமுறை வாசித்தபோது
என் குரல் தானாகவே தணிந்தது.
அந்த ஒரு நிமிஷம்
அது பிரார்த்தனையாகத்தான் இருந்தது,
எனக்கும்.

பிறகு அர்த்தத்தைச் சொன்னேன்.

அவள் முகத்தில் ஏறிய சிவப்பு
வஹாக்காவில் வாங்கியதல்ல.

"லியோனில் யாராவது வாசிப்பார்களா?"
"விருந்துக்கு வருகிறவர்கள் வாசிக்கமாட்டார்கள்.
அடுத்தநாள் காலை
கிளாஸ் கழுவ வருகிறவர் வாசிக்கலாம்."
நெடுநேரம் நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
கீழே ஒரு லொறி பின்னோக்கி வருகிற சத்தம்,
பீப் பீப் என்று, நிற்காமல்.
"அந்தப் பைக்கற்றில் என்ன திகதி?"
"அது பைக்கற்றுக்குப் பைக்கற் மாறும்."

அறுபத்திரண்டு வயது.
முழங்காலைப் பிடித்தபடி
தரையில் ஒருக்களித்துப் படுத்தாள்.
படத்தின் அடி விளிம்பில்,
சட்டம் மறைக்கிற அரை அங்குலத்தில்
மெல்லிய தூரிகையால் என்னவோ எழுதினாள்.
காட்டவில்லை. நானும் குனியவில்லை.
காயட்டும், ஒரு மணித்தியாலம் என்றாள்.
காத்திருந்த நேரத்துக்கும்
கம்பெனி காசு வாங்கும் என்றேன்.
தலையாட்டினாள்.

தலைப்பு மாறவில்லை. விலையும்.
சுங்கப் படிவத்தில்
உற்பத்தியான நாடு என்ற கட்டத்தில்
வழக்கம்போல சுவிற்சர்லாந்து என்றாள்.
எழுதினேன்.
வாசல்வரை வந்து என் பெயரைக் கேட்டாள்.
தவபாலன்.
மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள்.
மூன்றும் மூன்று விதம்.

இரவு சமைக்கும்போது
மிளகாய்த்தூளைத் தூக்கி
அடியில் பார்த்தேன், முதல்முறையாக.
நாலு மாதம் கடந்திருந்தது.
குழம்பு உறைக்கத்தான் செய்தது.